எட்டு வள்ளமும் இரண்டு விசைப்படகும்

நான் செய்கிற வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி ஜெயித்ததே கிடையாது. சாயர்புரத்தில் ஒரு கல்யாண வீட்டில் சித்தி ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "பள்ளிக்கூடத்து வேலைய விட்டுட்டு இப்ப என்னளா செய்யுத?" என்றாள். கம்ப்யூட்டர் விளையாட்டில் இரண்டு கட்சிக்கும் ஜெயிக்கச் சமமான வாய்ப்பு இருக்கிறதா என்று கணக்குப் பார்க்கிறேன் என்றேன். "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி குடுத்தா சமந்தான. அதுக்கு ஒரு ஆளு வேணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் பந்தி பக்கம் போய்விட்டாள். பதினான்கு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்த ஒரு சித்திக்குப் புரியவைக்க முடியவில்லை.

சித்தி கேட்டதில் தப்பொன்றும் இல்லை. சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் ஒரே காய்கள். அங்கே என்னைப் போன்ற ஆளுக்கு வேலையே இல்லை. எங்கள் விளையாட்டு அப்படிப்பட்டதல்ல. ஒரு பக்கம் பாய் கட்டிய எட்டுச் சின்ன வள்ளங்கள், இன்னொரு பக்கம் இரண்டு விசைப்படகுகள். ஒவ்வொன்றையும் ஒருவர் ஓட்டுவார், ஆக மொத்தம் பத்துப் பேர். பதினைந்து நிமிஷத்தில் எந்தக் கட்சி அதிக மீனைக் கரை சேர்க்கிறதோ அந்தக் கட்சிக்கு வெற்றி. விசைப்படகுக்கு வேகம் உண்டு, மடி என்கிற பெரிய இழுவலை உண்டு, ஒரே இழுப்பில் வள்ளம் பத்து நடை கொண்டுவருகிற மீனை அள்ளிவிடும். வள்ளம் மெதுவாகப் போகும், ஆனால் விசைப்படகு நுழைய முடியாத பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, மேலெல்லாம் போய் வலை போடும். விசைப்படகு பக்கத்தில் வேகமாகக் கடந்தால் அதன் அலையில் வள்ளம் கவிழ்ந்துவிடும். ஆட்கள் தண்ணீரில் மிதப்பார்கள். இன்னொரு வள்ளம் வந்து நிமிர்த்திவிட்டால் மறுபடி ஆடலாம், வராவிட்டால் அந்த வள்ளத்துக்கு ஆட்டம் முடிந்தது. எனக்குத் தெரிந்த விதிகள் இவ்வளவுதான்.

கம்பெனி என்று சொல்லிக்கொண்டாலும் நாங்கள் மூன்றே பேர். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு வலைக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி கடற்கரை ஊரான புன்னைக்காயல்காரர், கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசராகப் பல வருஷம் உலகம் சுற்றிவிட்டு, இனி கரையில்தான் என்று இறங்கியவர். அவர்தான் புரோகிராம் எழுதுவார். படங்கள் அவருடைய மனைவி வரைவது. அவர்கள் மகள் என்னிடம் படித்தவள். ஒரு பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர் மகளின் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், தான் செய்கிற விளையாட்டில் எப்போதும் ஒரே கட்சி ஜெயிக்கிறது என்று என்னிடம் புலம்பினார். நான் அந்தப் பெண்ணின் விடைத்தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். பின்னால் நின்ற மற்ற பெற்றோர்கள் முறைத்தார்கள். அடுத்த வருஷம் பள்ளிக்கூட வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு இந்த மாடி ஏறினேன்.

எனக்குக் கடல் தெரியாது. கடலிலிருந்து இருபது கிலோமீட்டரில் இருந்துகொண்டு, வேதக்கோயில் பிள்ளைகளோடு உல்லாசப் பயணம் போனபோது கால் நனைத்ததோடு சரி. அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. கணக்குக்குக் கடல் எதற்கு என்கிற திமிர் எனக்கு இருந்தது.

ஆடிப் பார்க்க ஆள் வேண்டியிருந்தபோது மீன்பிடித் தடைக்காலம் வந்து கைகொடுத்தது. இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகுக்குப் பெயின்ட் அடித்து, மடியைக் கிழிசல் பார்த்து முடித்த தொழிலாளர்கள் பகலெல்லாம் சும்மா இருந்தார்கள். முதலாளி பத்துக் கம்ப்யூட்டரை வரிசையாகப் போட்டு, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, டீயும் சொல்லிவிட்டார். மாடி நிரம்பிவிட்டது. அவர்களில் ஒருவர் விசைப்படகு ஓட்டுகிறவர், எல்லாருக்கும் டிரைவர் அண்ணாச்சி. என் வயதுதான் இருக்கும். மவுசை ஒரு கையால் பிடிக்க மாட்டார், சுக்கானைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிப்பார். அப்படிப் பிடித்தும் எல்லாரையும்விட நன்றாக ஆடினார்.

நான் ஒரு நீளமான நோட்டில் கட்டம் கட்டி எழுதினேன். யார் ஜெயித்தது, எந்தக் கட்சிக்கு எவ்வளவு மீன், எத்தனை வள்ளம் கவிழ்ந்தது, எந்தப் பாரில் எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. முதல் வாரம் முடிந்தபோது பத்துக்கு எட்டு ஆட்டம் வள்ளங்களுக்கே. கட்சி மாறி உட்கார வைத்தாலும் அதேதான். சரி, விசைப்படகு பலவீனமாக இருக்கிறது என்று முடிவு செய்து வேகத்தைக் கூட்டினேன். போதவில்லை. மடியை அகலமாக்கினேன். அப்போதும் வள்ளம்தான் முன்னால் நின்றது. அலை வீச்சைக் கூட்டினேன், கரையில் மீன் இறக்குகிற நேரத்தைப் பாதியாகக் குறைத்தேன். நான்காவது வாரத்தில் தராசு முள் நடுவில் வந்து நின்றது. பத்துக்கு ஐந்து. மறுநாள் பத்துக்கு ஐந்து. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய கடைத்தெருவுக்குப் போய் இரண்டு கிலோ முந்திரி மக்ரூன் வாங்கி வந்து மாடியில் எல்லாருக்கும் கொடுத்தேன். "எதுக்கு டீச்சர் இது?" என்று டிரைவர் அண்ணாச்சி கேட்டார். சமம் ஆகிவிட்டது, இனி யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான் என்றேன். அவர் மக்ரூனை ஒரே வாயில் போட்டுக்கொண்டு, "அப்ப ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன, உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். எங்கள் வேலையை இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

விளையாட்டை வெளியிட ஒத்துக்கொண்டிருந்த நிறுவனம் கோயம்புத்தூரில் இருந்தது. அங்கே ஆட்டங்களைச் சோதிக்கவென்றே பத்துப் பதினைந்து இளைஞர்கள் உண்டு, நாள் முழுக்க அதுதான் அவர்களுக்கு வேலை. நான் சமப்படுத்திய ஆட்டத்தை அவர்களுக்கு அனுப்பினோம். மறுநாள் மத்தியானம் அந்த நிறுவனத்தின் பொறுப்பாளர் அம்மா வீடியோ காலில் வந்தார்.

"பத்து ஆட்டம் ஆடுனோமுங்க. பத்துமே விசைப்படகுதான். வள்ளத்துல உட்கார்ந்த பசங்க நாலாவது ஆட்டத்துலயே மாட்டேன்னுட்டாங்க."

நான் நோட்டைக் காட்டினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்க கணக்கு தப்புன்னு சொல்லலீங்க. ஆனா ஆடுறவங்களுக்குப் பிடிக்கலைன்னா நான் என்ன பண்றது? பேசாம ரெண்டு பக்கமும் ஒரே படகாக் குடுத்துருங்க. பக்கத்துக்கு அஞ்சு, கலர் மட்டும் வேற. சுலபமா முடிஞ்சுரும்."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். முதலாளி என்னை முந்திக்கொண்டு அவகாசம் கேட்டார். மூன்று வாரம் கொடுத்தார்கள். அதற்குள் அவர்களுடைய ஆட்களே ஆடுகிற பத்து ஆட்டத்தில் எந்தக் கட்சியும் ஆறுக்கு மேல் ஜெயிக்கக் கூடாது. ஜெயித்தால் ஒரே படகு, இரண்டு கலர். அதற்குச் சம்மதமில்லை என்றால் வேறு நிறுவனத்தைப் பார்த்துக்கொள்ளலாம். வேறு நிறுவனம் எதுவும் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை.

வீடியோ கால் முடிந்ததும் மூன்று பேரும் சண்டை போட்டோம். வரைகிற அம்மா, "எட்டு வள்ளத்துக்கும் தனித்தனியாப் பாய் தச்சுப் படம் போட்டிருக்கேன், எல்லாத்தையும் அழிச்சுட்டுப் பச்சைப் படகு சிவப்புப் படகு வரையணுமா?" என்று பென்சிலைப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். முதலாளி இறங்கிப் போகிற மனநிலையில் இருந்தார். ஒரே படகு என்றாலும் விளையாட்டு விளையாட்டுதானே என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. யாருடைய விளையாட்டு? பெரிதும் சிறிதும் ஒரே கடலில் எப்படிப் பிழைப்பது என்பதுதான் அதன் உயிரே. அதை எடுத்துவிட்டால் அது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பந்தயம். அதற்கு நான் எதற்கு? பள்ளிக்கூடத்திலேயே இருந்திருப்பேன். நான்தான் சமம் என்று சொன்னவள், மக்ரூன் கொடுத்துக் கொண்டாடியவள். அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது. அந்த எரிச்சலில் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன்.

"உங்க ஊர்க்காரங்களுக்கு விளையாடத் தெரியல. விசைப்படகக் கையில குடுத்தும் ஜெயிக்கத் தெரியாதவங்கள வச்சு நான் கணக்குப் போட்டிருக்கேன்."

முதலாளி முகம் சிறுத்துப் போனது. "கடல்ல அவுகளுக்குத் தெரியாததா டீச்சர் கோயம்புத்தூர்க்காரனுக்குத் தெரிஞ்சிட்டு?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் காலையில் நோட்டை மூடி மேஜைக்குள் வைத்துவிட்டு, டிரைவர் அண்ணாச்சியின் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவ்வளவு நாளும் நான் பார்த்தது ஆட்டத்தின் முடிவுகளைத்தான். ஆட்டத்தை ஒருதரம்கூட முழுதாகப் பார்த்ததில்லை. விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு உள்ள புத்தி.

அவர் விசைப்படகில் இருந்தார். மடி நிறைய மீன். இரண்டு நிமிஷம் பாக்கி, நேரே கரைக்குப் போனால் வெற்றி. போகிற வேகத்தில் ஒரு வள்ளம் அவருடைய அலையில் மாட்டிக் கவிழ்ந்தது. அவர் இரண்டு கையாலும் மவுசைத் திருப்பினார். படகு வட்டமடித்துத் திரும்பி வந்து, கவிழ்ந்த வள்ளத்துக்குப் பக்கத்தில் எஞ்சினை அணைத்து நின்றது. தண்ணீரில் கிடந்த ஆட்களை ஒவ்வொருவராக மேலே தூக்கியது. வள்ளத்தை நிமிர்த்தி அவர்களை அதில் ஏற்றிவிட்டுக் கிளம்பியபோது நேரம் முடிந்து சங்கு ஊதிவிட்டது. வள்ளங்களுக்கு வெற்றி. அண்ணாச்சி டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"ஏன் அண்ணாச்சி திரும்பினீங்க?"

"எங்க?"

"இப்ப. ஜெயிச்சிருப்பீங்களே."

அவர் யோசித்தார். உண்மையாகவே நினைவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "ஆளு தண்ணில கெடந்தான்லா" என்றார்.

"அது எதிர்க்கட்சி. அதுவும் பொம்மை."

"பொம்மைதான். அதுக்காவ விட்டுட்டுப் போவ முடியுமா டீச்சர்?" இவள் என்ன இதையெல்லாம் கேட்கிறாள் என்பதுபோல என்னைப் பார்த்தார். பக்கத்து இருக்கையில் வள்ளம் ஓட்டியவரும் அதே பார்வை பார்த்தார். கவிழ்ந்த வள்ளம் அவருடையதுதான். அவர் நன்றிகூடச் சொல்லவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

அன்று பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் நின்றார்கள். திட்டிக்கொண்டே நின்றார்கள், "ஏலே, வள்ளம் ஓட்டத் தெரியாதவனெல்லாம் எதுக்குலே கடலுக்கு வாரிய" என்று ஏசிக்கொண்டே தூக்கிவிட்டார்கள். விசைப்படகு தோற்றுக்கொண்டிருந்ததற்குக் காரணம் வேகமும் இல்லை, மடியும் இல்லை. அது ஆட்டத்தில் கால்வாசி நேரம் எதிராளியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கால்வாசி நேரத்தை ஈடுகட்ட நான் அதை அசுரனாக ஆக்கிவைத்திருக்கிறேன். அந்த அசுரனைக் கோயம்புத்தூரில், நிற்கிற வழக்கமே இல்லாதவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன்.

ஓடிப்போய் முதலாளியிடம் கேட்டேன். "விசைப்படகு வள்ளத்துக்காரங்களத் தூக்கிவிடலாம்னு விதி இருக்கா? வள்ளம் மட்டும்தானே வள்ளத்த நிமிர்த்த முடியும்?"

"எதுவும் தூக்கலாம் டீச்சர். எந்தப் படகும் யாரையும் தூக்கலாம். மொதல் நாளே எழுதிட்டேன்."

"என்கிட்டச் சொல்லவே இல்லையே."

"இதையெல்லாமா சொல்லுவாங்க?" என்றார்.

நான் கத்தியது கீழே வலைக்கடை அண்ணாச்சிக்கும் கேட்டிருக்கும். முதலாளிக்கு அது விதியாகவே தோன்றவில்லை. தண்ணீர் நனைக்கும் என்று யாராவது எழுதிவைப்பார்களா, அந்த மாதிரி. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் எனக்குக் கடல் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ஒரு கட்டம் நோட்டில் விழாமல் போயிருக்கிறது. திட்டி முடித்த பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. காரணம் தெரிந்த தப்பு பாதி திருத்தின தப்பு. ஒரு மாதமாக இல்லாத தெம்பு அன்றைக்கு வந்தது.

முதலில் செய்தது எல்லா எண்களையும் பழையபடி ஆக்கியதுதான். வேகம், மடி, அலை எல்லாம் ஆரம்பத்தில் இருந்த இடத்துக்கே போயின. இனி நிற்காதவர்களை நிற்கவைக்க வேண்டும். இதில் நான் மறுபடியும் டீச்சர் புத்தியைக் காட்டினேன். ஆளைத் தூக்கினால் இத்தனை கூடை மீன் பரிசு என்று ஒரு விதி போட்டேன்.

டிரைவர் அண்ணாச்சிக்கு அது பிடிக்கவே இல்லை. "ஆளத் தூக்குனா மீனு குடுப்பியளா? நல்லாருக்கே" என்று மவுசை விட்டுவிட்டு எழுந்து டீ குடிக்கப் போனார். கோயம்புத்தூர் இளைஞர்களுக்கோ ரொம்பவும் பிடித்துவிட்டது. ஆன்லைனில் ஆடிப் பார்க்கச் சொன்னால், வள்ளங்களைத் தேடித் தேடிக் கவிழ்த்து, தூக்கிவிட்டு, பரிசு வாங்கி, மறுபடி கவிழ்த்தார்கள். ஒருத்தன் ஒரே வள்ளத்தை ஏழு தரம் காப்பாற்றினான். வரைகிற அம்மா அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்த விதியை அன்றைக்கே எடுத்தேன்.

பிறகு கணக்கை விட்டுவிட்டு, கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டேன். "நிக்காம போயிட்டா என்ன ஆகும் அண்ணாச்சி? நெஜக் கடல்ல."

"அப்படிப் போனவன நான் பாத்ததில்ல."

"சரி, போறான்னு வச்சுக்குவோம்."

"வயர்லெஸ்ல சொல்லிருவாங்க டீச்சர். இன்ன போட்டு, இன்ன எடத்துல, ஆள விட்டுட்டுப் போறான்னு. பொறவு அவன் எங்க போனாலும் எல்லாவனும் அவனத்தான் பாத்துக்கிட்டு இருப்பான். கரைக்கு வந்தும் விட மாட்டாங்க."

"நின்னு தூக்கிவிட்டா?"

"என்னத்தச் செய்ய, தூக்கிவிட்டவன் மடி கிட்ட அன்னைக்கு நம்ம வலையக் கொண்டு போவ மனசு வராது. அவ்வளவுதான்."

இந்த இரண்டு பதிலையும் அப்படியே விதியாக எழுதினோம். கவிழ்ந்த ஆளை விட்டுவிட்டுப் போகிற படகு எங்கே இருக்கிறது என்பது ஆட்டம் முடிகிறவரை எட்டு வள்ளங்களின் வரைபடத்திலும் சிவப்பாகத் தெரியும். அது மடி இறக்குகிற இடத்துக்கு வள்ளங்கள் முன்கூட்டியே போய் மீனை வாரிவிடலாம். நின்று தூக்கிய படகின் மடிக்குப் பக்கத்தில் அந்த வள்ளம் அப்புறம் வலை போட முடியாது. மீன் பரிசு இல்லை, மார்க் இல்லை. நிற்பதா போவதா என்பது ஓட்டுகிறவன் பாடு. டிரைவர் அண்ணாச்சி ஆடிப் பார்த்துவிட்டு, "இப்பச் சரியா இருக்கு" என்றார். அவருக்கு இரண்டு விதியும் தேவைப்படவே இல்லை என்பது வேறு விஷயம், அவர் எப்போதும் போல நின்று நின்றுதான் போனார்.

சோதனை நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. தடைக்காலம் முடிந்து எல்லாரும் கடலுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போக மாட்டார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே மாடிக்கு வந்துவிட்டார்கள். நான் எங்கள் கோயில் ஆராதனைக்கு அன்று மட்டம் போட்டேன், ஆண்டவர் மன்னிப்பார் என்று நினைத்தேன். ஆடப்போவது கோயம்புத்தூர் ஆட்கள், இரண்டு பக்கமும் அவர்களேதான். நாங்கள் சுவரில் திரையைக் கட்டி அதில் பார்க்க மட்டும்தான் முடியும். தோற்றால் பச்சைப் படகு, சிவப்புப் படகு.

முதல் ஆட்டத்தில் விசைப்படகுக்காரர்கள் பழைய பழக்கத்தில் வள்ளங்களைக் கவிழ்த்துவிட்டு நிற்காமல் போனார்கள். ஐந்து நிமிஷத்தில் இரண்டு படகும் சிவப்பாக மாறின. போன இடமெல்லாம் வள்ளங்கள் முன்னால் போய் நின்றன. வள்ளங்களுக்கு வெற்றி. இரண்டாவதும் அப்படியே. மாடியில் சிரிப்பு. மூன்றாவதிலிருந்து அவர்கள் சுதாரித்துக்கொண்டார்கள், வள்ளத்தைக் கண்டால் விலகிப் போனார்கள், கவிழ்த்தால் நின்றார்கள். மூன்றும் நான்கும் விசைப்படகுக்கு. ஐந்தாவது வள்ளத்துக்கு. எனக்குச் சந்தோஷத்தில் உட்கார முடியவில்லை.

பிறகு ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, நான்கும் வரிசையாக விசைப்படகுக்குப் போயின. ஒவ்வொன்றும் கடைசி நிமிஷத்தில், மயிரிழையில். ஆனால் எண்ணிக்கை என்னவோ ஆறுக்கு மூன்று. பத்தாவது ஆட்டமும் விசைப்படகுக்குப் போனால் ஏழு. முதலாளி ஜெபமாலையைப் பைக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தார். வரைகிற அம்மா திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் நல்ல செய்தி எதுவும் இருந்திருக்காது.

பத்தாவது ஆட்டத்தில் வள்ளக்காரர்கள் பாரை விட்டு அசையவில்லை. சின்னச் சின்னதாகச் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசி ஒரு நிமிஷம் இருக்கும்போது வள்ளங்கள் கொஞ்சம் முன்னால். ஆனால் ஒரு விசைப்படகு மடி நிறைய மீனோடு கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. நாற்பது விநாடியில் கரையைத் தொட்டுவிடும். தொட்டால் எல்லாம் முடிந்தது. வழியில் ஒற்றை வள்ளம் ஒன்று குறுக்கே வந்தது. படகு விலகப் பார்த்தது, முடியவில்லை, அலை அடித்து வள்ளம் கவிழ்ந்தது.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன், போடாமல் இருக்க எனக்குத் தெரியாது. நிற்காமல் போனால் சிவப்பாக மாறும், மாறிவிட்டுப் போகட்டும். மற்ற வள்ளங்களெல்லாம் தூரத்தில், யாராலும் நாற்பது விநாடியில் வந்து சேர முடியாது. என் விதி அந்த இடத்தில் அந்தப் படகை ஓட்டுகிறவனை ஒன்றும் செய்யாது. நிற்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. அவன் போகத்தான் வேண்டும். போனால் நாங்கள் தோற்றோம். விதியில் நான் விட்ட ஓட்டை எனக்கு அந்த ஒரு கணத்தில் பளிச்சென்று தெரிந்தது, அடைக்க நேரமில்லை.

படகு கொஞ்ச தூரம் போனது. வேகம் குறைந்தது. பிறகு வட்டமடித்துத் திரும்பியது.

படகு வந்து, எஞ்சினை அணைத்து, ஒரு ஆளைத் தூக்கியது. இரண்டாவது ஆளைத் தூக்கியது. வள்ளத்தை நிமிர்த்தியது. கிளம்பி, கரைக்குக் கொஞ்சம் முன்னால், துறைமுக வாயில் தெரிகிற தூரத்தில் இருந்தபோது சங்கு ஊதியது. வள்ளங்களுக்கு வெற்றி. ஆறுக்கு நான்கு.

நான் அழுதேன். பதினான்கு வருஷம் வகுப்பில் ஒருதரம்கூட அழாதவள், இருபது பேருக்கு முன்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வரைகிற அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஃபேன் சத்தத்தையும் மீறிக் கைதட்டல் கேட்டது. பொறுப்பாளர் அம்மா திரையில் வந்து, "ஒத்துக்கறேனுங்க. அந்த ஒரே படகு யோசனைய மறந்துருங்க. வள்ளம் வள்ளமாவே இருக்கட்டும்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தப் பையன் கடைசியில ஏன் நின்னான்னு அவனுக்கே சொல்லத் தெரியலீங்க. நீங்க அப்படி ஏதாவது வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார்.

வைத்திருந்தேன் என்று சொல்லலாம். சொன்னால் யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள். ஒரு விநாடி ஆசையாகத்தான் இருந்தது. "இல்லீங்க மேடம். அந்த இடத்துல என் கணக்குப்படி அவர் போயிருக்கணும். அது அவராச் செஞ்சது" என்றேன். விதியின் அந்த ஓட்டையைப் பற்றியும் சொன்னேன். அடைத்துவிடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். இன்றுவரை அடைக்கவில்லை.

டிரைவர் அண்ணாச்சி கைதட்டலில் சேரவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, ஆட்டம் முடிந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கரைக்கு வெளியே அந்த விசைப்படகு மடி நிறைய மீனோடு அசையாமல் நின்றது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், அந்தப் பையன் கடல் பாத்திருக்கானான்னு கேளுங்க. பாக்கலன்னா இங்கன வரச் சொல்லுங்க. எம் போட்டுல ஏத்திக்கிட்டுப் போறேன்."